மைனாவின் கண்ணுக்குக் கீழே

ஜூன் 10, 2024. திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தாச்சு. ஏழாம் வகுப்பில் இனியா என்று ஒரு புதுப் பெண். எழுந்து நின்று, "மிஸ், குதிரை எந்த நாட்டுல பிறந்துச்சு?" என்றாள். அரேபியா என்று அடித்துச் சொன்னேன். வீட்டில் குதிரை வைத்திருக்கிறவள் சொன்னால் வகுப்பு நம்பாதா? நம்பிவிட்டது. எனக்குத்தான் சந்தேகம்.

சாயங்காலம் எங்கள் குதிரை மைனா தண்ணீர் வாளியை உதைத்துக் கவிழ்த்தது. அவர் இருந்திருந்தால் திட்டியிருப்பேன். குதிரையை அல்ல, அவரை. லாரிக்கு பாடி கட்டுகிற மனுஷனுக்குக் குதிரை எதற்கு? போன ஆடியில் அந்தியூர்ச் சந்தைக்கு வேடிக்கை பார்க்கப் போனவர், இந்தப் பெட்டைக் குதிரையோடு வாசலில் வந்து நின்றார். "சௌந்திரம், கோவிச்சுக்காத. அது கண்ணப் பாரு" என்றார். குதிரை வாங்கத் தெரிந்தவருக்கு பிரஷர் மாத்திரை போடத் தெரியவில்லை. மாசியில் பட்டறையிலேயே சாய்ந்துவிட்டார்.

ஜூன் 13

கை இன்னும் இரண்டு பேருக்குத்தான் அரிசி அளக்கிறது. காலையில் பழைய சோறு, மத்தியானம் டிபன் பாக்ஸிலும் அதே சோறு.

ஜூன் 16. ஞாயிறு

கொழுந்தன் நாச்சிமுத்து ஒரு குதிரை வியாபாரியைக் கூட்டி வந்தார். அந்த ஆள் பல்லைப் பிடித்துப் பார்த்தார், காலைத் தூக்கிப் பார்த்தார். மைனாவின் இடது கண்ணுக்குக் கீழே விரலை வைத்ததும் முகம் மாறியது.

"ஏனுங்க, இது கண்ணீர்ச் சுழியாச்சுங்களே! யாருங்க பாத்து வாங்குனது?"

அந்த இடத்தில் மயிர் வட்டமாகச் சுழித்திருக்கிறது. அப்படி இருந்தால் வளர்க்கிற வீட்டில் அழுகை விழுமாம். நாச்சிமுத்துவுக்குக் குரல் உடைந்துவிட்டது. "அண்ணன் போனதுக்கு இதானுங்க அண்ணி காரணம். இந்த ஆடிச் சந்தையிலயே தள்ளி உட்டர்லாமுங்க." அவர் மனைவி பூவாத்தாள், "குதிரை கீழ தள்ளுனதும் இல்லாம குழியும் பறிச்சுதாம்" என்றாள். சொல்லும்போது குதிரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். என்ன யோசிக்க? கேட் சத்தம் கேட்டால் தலையைத் தூக்கிப் பார்க்க இந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? எங்களுக்குப் பிள்ளை குட்டியும் இல்லை. மைனாவும் போய்விட்டால் நான் யாரிடம் பேசுவது?

ஜூன் 19

அரேபியா இல்லையாம். அமெரிக்காவாம்!

மூன்று நாளாக இதையேதான் தேடிப் படிக்கிறேன். ஐந்தரைக் கோடி வருஷத்துக்கு முன்னால், வட அமெரிக்கக் காடுகளில் நம்ம ஊர் நரி அளவில் ஒரு பிராணி. முன்னங்காலில் நாலு விரல். காடு குறைந்து புல்வெளி பரவப் பரவ, உடம்பு பெருத்து, விரல்கள் தேய்ந்து, கடைசியில் ஒற்றைக் குளம்பு. கடல் மட்டம் இறங்கி நடுவில் தரை தெரிந்த காலத்தில் அதில் சில கூட்டங்கள் நடந்தே ஆசியாவுக்கு வந்துவிட்டன. அரபுக் குதிரை, மார்வாடிக் குதிரை எல்லாம் அப்படி வந்த வகையறாதான். அங்கேயே இருந்தவை? சுமார் பத்தாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒன்றுவிடாமல் செத்துப்போயின. குளிர் மாறியதாலா, வேட்டையாலா, இன்னும் சண்டை தீரவில்லை.

ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஸ்பெயின்காரர்கள் கப்பலில் குதிரையைக் கொண்டுபோய் அந்த மண்ணில் இறக்கினார்கள். அங்கிருந்த ஜனம் இதென்ன மிருகம் என்று மிரண்டு பார்த்ததாம். இன்றைக்கும் அங்கே காட்டில் திரிகிற குதிரைகள் சொந்தமா, வந்தேறியா என்று வழக்கு நடக்கிறது. பிறந்த மண்ணில்!

மைனாவிடம் சொன்னேன். கொள்ளு தின்றுகொண்டிருந்தது. நல்ல செய்தி சொன்னாலும் காது கொடுக்காது.

ஜூன் 23. ஞாயிறு

சேந்தமங்கலத்துக்கு, அண்ணன் வீட்டுக்குப் போய் வந்தேன். அண்ணன், "இங்கயே வந்துரு சாமி, தனியா அங்க எதுக்கு" என்றார். மனசாரத்தான் சொன்னார். ஆனால் அண்ணி எனக்குப் புதுத் தட்டு எடுத்தாள், விருந்தாளிக்கு எடுக்கிற தட்டு. தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குள் போனேன். "நீங்க உக்காருங்க, நான் கொண்டாரேன்" என்றாள். நான் ஓடி விளையாடிய வீடு அது. கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன். கொல்லிமலை ஜன்னலில் கூடவே வந்தது. அழுதேன்.

ஜூலை 1

முகம் கழுவும்போது கண்ணாடியில் பார்த்தேன். எனக்குச் சுழி எங்கே இருக்கிறது?

ஜூலை 7. ஞாயிறு

நாச்சிமுத்து மகள் யுவஸ்ரீக்கு மண்டபத்தில் வளைகாப்பு. நான் தூக்கி வளர்த்த பெண். மேடைப் பக்கம் போனபோது பூவாத்தாள் வந்து கையைப் பிடித்தாள். "அக்கா, நீங்க பந்தியப் பாத்துக்கங்க. உங்களாட்டம் யாருக்குங்க வரும்?" எத்தனை மரியாதையான வார்த்தை. பந்தியில் நின்றேன். மேலே வளையல் சத்தம். சாம்பார் நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள்.

ஜூலை 13. சனி

கொட்டகைக் கதவைப் பூட்டிவிட்டு வந்து எழுதுகிறேன்.

பள்ளியில் சிறப்பு வகுப்பு முடிந்து வந்தால், வியாபாரி கொட்டகையில் அடுப்பு மூட்டிக் கம்பி காய வைத்திருக்கிறார். நாச்சிமுத்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "ஒரே இழுப்புங்க அண்ணி. சுழி பொசுங்கிப் போயிரும். வாங்குறவனுக்குத் தெரியாதுங்க."

கண்ணுக்குக் கீழே! அரை விரல் தள்ளினால் கண்ணே போயிருக்கும். நான் குறுக்கே போய் மைனாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். எனக்கே தெரியாமல் கத்தினேன் – "மொதல்ல எனக்கு வைங்க சூடு! அவர முழுங்குனவ நாந்தான்னு தான ஊரெல்லாம் பேசறீங்க? எனக்கு வைங்க!" நாச்சிமுத்து கயிற்றை விட்டுவிட்டார். வியாபாரி அடுப்பில் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போனார்.

மைனாவுக்கு உடம்பெல்லாம் வியர்வை. தடவிக் கொடுத்தபோது மடி கனத்துக் கிடந்தது, காம்பில் மெழுகு மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. வயிறும் ரொம்ப இறங்கியிருக்கிறது. தின்று கொழுத்திருக்கிறது என்று நாச்சிமுத்து அடிக்கடி சொல்வது சரியா? திங்கட்கிழமை கால்நடை டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

ஜூலை 15. திங்கள்

டாக்டருக்கு வேலை வைக்கவில்லை. விடிகாலையில் கொட்டகைக்குப் போனால் நாலு கால் அல்ல, எட்டு கால்.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "போன ஆடியில வாங்குறப்பவே சினைங்க. ஒரு வருஷமா ஒருத்தரும் வயித்தப் பாக்கலையா?"

பார்க்கவில்லை. வாங்கியவர் கண்ணைப் பார்த்தார். விற்க வந்தவர்கள் கண்ணுக்குக் கீழே பார்த்தார்கள். நானோ ஐந்தரைக் கோடி வருஷத்துக் கதையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குட்டி விழுந்து விழுந்து எழுந்தது. என்னையும் முட்டிப் பார்த்தது.

ஜூலை 16

வகுப்பில் இனியாவிடம், நான் சொன்னது தப்பு, அமெரிக்கா என்றேன். "அப்ப உங்க குட்டி, மிஸ்?" என்றாள். நாமக்கல் ஜில்லா என்றேன். வகுப்பே கை தட்டியது.

ஜூலை 21. ஞாயிறு

மத்தியானம் யுவஸ்ரீ வந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தெருவெல்லாம் பார்க்க, தனியாக நடந்தே வந்திருக்கிறாள். பையில் கொள்ளு.

"அம்மாதான் குடுத்து உட்டாங்க பெரியம்மா. குட்டி போட்ட மைனாவுக்காம்."

பூவாத்தாளா? பையைத் திரும்பவும் பார்த்தேன். அடியில் காகிதத்தில் சுற்றி இரண்டு பச்சைக் கண்ணாடி வளையல். "இது உங்க கையால போடோணும்னு எடுத்து வச்சிருந்தனுங்க. போட்டு உடுங்க" என்று கையை நீட்டினாள். எனக்கு வளையலைச் சரியாக ஏற்றவே வரவில்லை, கண் மறைத்தது. அவளே விரலை மடக்கிக் கொடுத்தாள்.

குட்டி வந்து அவள் முந்தானையைக் கடித்தது. "இதுக்குச் சுழி எங்கீங்க பெரியம்மா இருக்குது?"

"நான் பாக்கல சாமி. நீயும் பாக்காத."

சாப்பிட்டுவிட்டுத்தான் போவேன் என்று உட்கார்ந்துவிட்டாள். அரிசி அளந்தேன். இன்றைக்கு அளவு சரியாக இருந்தது.