ஜாடி இருந்த வடக்குப் பக்கம்

அன்பு மகனுக்கு,

நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது கேட்டு நிம்மதி. இங்கேயும் நலம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. போனில் திட்டினால் அப்பா காதில் விழும், அதனால்தான் கடிதம், உட்கார்ந்து படி. அவருக்குப் பார்வை போன பிறகு இந்த வீட்டைத் திசை வைத்துத்தான் நடத்துகிறோம் என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். மேஜையில் வடக்கே தண்ணீர் ஜாடி, தெற்கே மாத்திரை டப்பா, நாற்காலிக்கு மேற்கே கைத்தடி, கட்டிலிலிருந்து நேர் கிழக்கே போனால் குளியலறை. காலை வெயில் முகத்தில் பட்டால் போதும், மிச்சத்தை அவரே பிடித்துக்கொள்வார். ஒரு வாய்த் தண்ணீருக்கு என்னைக் கூப்பிட்டதில்லை, அவ்வளவு ரோஷம்.

நாங்கள் கண் டாக்டரிடம் போய் வருவதற்குள் நீ கட்டிலைத் திருப்பி, மேஜையைச் சுவரோரம் தள்ளி, வீட்டையே புரட்டிப் போட்டுவிட்டாய். இப்பத்தாம்மா வீடு விசாலமா இருக்கு என்று போட்டோ வேறு எடுத்தாய். யாருக்கடா விசாலம்? அவரும் நல்லா இருக்குப்பா என்று தலையாட்டினார், எதைப் பார்த்து ஆட்டினாரோ. நீ கிளம்பிய மறுநாள் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், தாகமென்று வடக்கே கை நீட்டியிருக்கிறார். ஜாடி இருந்த இடத்தில் நீ வாங்கி வைத்த கரண்ட் கெட்டில், காபிக்கு நான் போட்டுவிட்டுப் போனது, அப்போதுதான் கொதித்து அடங்கியிருந்தது. வலது உள்ளங்கை வெந்துபோனது. அவருக்குக் கண்தான் போனது, உனக்குப் புத்தியே போயிற்றா?

பழையபடி மாற்றி வைக்கலாமென்று மேஜையை இழுத்தேன், விடவில்லை. புள்ள ஆசையா வச்சது, கை வைக்காதே என்கிறார். எது எங்கே இருக்கிறதென்று நானாவது சொல்கிறேன் என்றால் அதுவும் வேண்டாமாம், வச்சவன் சொல்லுவான் என்கிறார். அப்பனுக்கும் பிள்ளைக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன். வீடு முழுக்கத் தன் பாட்டில் நடந்த மனிதர், இப்போது நாற்காலியை விட்டு எழுவதில்லை. குளியலறைக்குக்கூட என் கை வேண்டியிருக்கிறது, அதற்குக் கூனிக் குறுகிப் போகிறார். அதைப் பார்க்கத்தான் எனக்கு வயிறு எரிகிறது.

எங்கள் ஆசி உனக்கு எப்போதும் உண்டு, அதில் கோபத்தைக் கலக்க மாட்டேன். வேளைக்குச் சாப்பிடு. இது கிடைத்ததும் அவரைக் கூப்பிட்டு, எது எந்தத் திசையில் என்று ஒவ்வொன்றாக நீயே சொல், நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. போனை அவர் நாற்காலிக்குக் கிழக்கே, கைக்கெட்டும்படி வைத்திருக்கிறேன். அது அடிக்கும்போதெல்லாம் கட்டுப் போட்ட கையைத்தான் முதலில் நீட்டுகிறார்.

இப்படிக்கு,
கோபம் ஆறாத உன் அம்மா