சாப்பாட்டுக்கு நடுவில் ஒரு மாத்திரை

மார்ச் 4, செவ்வாய்

டயாலிசிஸ் பத்தரைக்கு முடிந்தது. எடை இரண்டு கிலோ இறங்கியது. பதினொன்றரைக்கு நூலகத்தில் என் மேசையில் இருந்தேன். பட்டியல் பிரிவில் என்னோடு சேர்த்து நான்கு பேர். நான் ஏன் தாமதமாக வருகிறேன் என்பது மேலாளருக்கு மட்டும் தெரியும். மற்ற மூவரும் நான் ஏதோ பரீட்சைக்காக வகுப்புக்குப் போவதாக முடிவு செய்திருக்கிறார்கள். நான் சொல்லவில்லை. மறுக்கவும் இல்லை.

"பரீட்சை எப்பம்மா?" என்று இன்றும் கேட்டார் எங்களில் மூத்தவர்.

"இன்னும் தேதி வரல சார்."

ஒரு விதத்தில் உண்மை. மாற்றுச் சிறுநீரகத்துக்கான பட்டியலில் என் எண் நூற்றுச் சொச்சம்.

மார்ச் 6, வியாழன்

பக்கத்துக் கட்டில் டெய்லரக்கா நெஞ்சைச் சுற்றிப் பட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். ஏழு வருடமாக டயாலிசிஸில் இருப்பவர்.

"இருமினேன். விலா எலும்பு உடைஞ்சு போச்சு. வெளிய சொன்னா எவ நம்புவா? புருஷன் அடிச்சுட்டான்னு நினைப்பாங்க. அந்த மனுஷன் கொசுவைக் கூட அடிக்க மாட்டாரு, விரட்டத்தான் செய்வாரு."

நான் சிரித்தேன்.

"சிரிக்காதடி, எனக்கும் வருது. வலிக்குது."

ஆறு மாதமாக எனக்கும் கணுக்கால் எலும்புக்குள் ஒரு வலி இருக்கிறது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

மாத ரத்தப் பரிசோதனை. பாஸ்பரஸ் 7.6. கால்சியம் 10.7. இரண்டும் அதிகம்.

டாக்டர் விளக்கினார். நல்ல சிறுநீரகம் பாஸ்பரஸை வெளியே அனுப்பும். என்னுடையது அனுப்பாது, இயந்திரம் எடுப்பதும் போதாது. கழுத்தில் அரிசி அளவில் நான்கு சுரப்பிகள் உண்டு. பாஸ்பரஸ் ஏற ஏற அவை பதறிப்போய் எலும்பிலிருந்து கால்சியத்தை இழுத்து ரத்தத்தில் விடுகின்றன. அது ரத்தக் குழாய்ச் சுவரில் போய்ப் படிகிறது. எலும்பு மெலிகிறது, குழாய் கல்லாகிறது.

"மூணு மாசம் பார்க்கலாம். குறையலன்னா கழுத்துல ஆபரேஷன் பண்ணி அந்தச் சுரப்பியை எடுக்கணும். மாத்திரை ஒழுங்கா போடுறீங்கல்ல?"

"ஒரு வேளை கூட விட்டதில்ல."

அப்பா பக்கத்தில் நின்று தலையசைத்தார். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். நேரம் தவறாதவர்கள் மேல் அவருக்கு ஒரு மரியாதை.

மார்ச் 13, வியாழன்

உணவு ஆலோசகர் கட்டிலருகே வந்தாள். என்னைவிடச் சின்னவள்.

"மதிய மாத்திரை எப்ப போடுறீங்கக்கா?"

"நாலு மணிக்கு."

"சாப்பாடு?"

"ஒரு மணிக்கு."

எழுதுவதை நிறுத்தினாள். "ஏன் நாலு மணி?"

அது மென்று தின்ன வேண்டிய பெரிய மாத்திரை. சாக்பீஸ் கடிக்கிற சத்தம் வரும். சாப்பாட்டு மேசையில் மூன்று பேர் முன்னால் கடித்தால் கேள்வி வரும். அதனால் சட்டப் புத்தக வரிசைக்குப் பின்னால் நின்று கடிப்பேன். அங்கே யாரும் வர மாட்டார்கள். காலையும் இரவும் அப்பா எதிரில் சாப்பாட்டோடுதான். ஆனால் மதியம்தான் பெரிய சாப்பாடு, மதியத்துக்குத்தான் இரண்டு மாத்திரை.

"அக்கா, சாப்பாட்டுல இருக்கற பாஸ்பரஸைப் பிடிச்சு வெளிய தள்ளத்தான் அது. நாலு மணிக்கு வயித்துல பிடிக்க என்ன இருக்கு? மாத்திரையில இருக்கற கால்சியம்தான் ரத்தத்துல ஏறும்."

சீட்டில் ‘சாப்பாட்டுடன்’ என்றுதான் இருக்கிறது. மூன்று மணி நேரத்தில் என்ன ஆகிவிடும் என்று நானே எனக்குச் சலுகை கொடுத்துக்கொண்டேன். ஒன்றரை வருடம். ஒரு நாள் கூட விடாமல்.

மார்ச் 14, வெள்ளி

மதியம் மாத்திரையைக் கைக்குள் வைத்துக்கொண்டே சாப்பிட்டு முடித்துவிட்டேன். கடிக்கவில்லை. சீ, என்ன பொழப்பு இது? கழுத்தை அறுக்கக் கொடுப்பியாம், ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டியாம். எதுக்குப் பயம்? தலையைச் சாய்ச்சு, குரலைத் தாழ்த்தி, "எப்படிம்மா இருக்க"ன்னு கேட்பாங்களே – அதுக்கா?

ஆலோசகர் சொன்னதைக் கேட்டிருந்த அப்பா இரவு கேட்டார்: "சாப்பாட்டோட போட்டியா?"

"போட்டேன்."

மாத்திரை விஷயத்தில் இது முதல் பொய்.

மார்ச் 17, திங்கள்

போட்டேன். மூன்றாவது வாய்க்குப் பிறகு. சத்தம் நான் பயந்ததைவிடப் பெரிது.

"என்னடி, கல்லைக் கடிக்கிற?" என்றார் தட்டச்சு அக்கா.

"மாத்திரைக்கா. எலும்புக்கு. எனக்குக் கிட்னி ரெண்டும் வேலை செய்யல. வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ்."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். மூத்தவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"அப்ப பரீட்சை?"

"இல்ல சார்."

"எம் பொண்ணுகிட்ட உன்னைப் பாத்துப் படிக்கச் சொல்லி ஒரு வருஷமாத் திட்டிக்கிட்டு இருக்கேன்." நிஜமாகவே இடிந்துபோயிருந்தார். "இப்ப அவகிட்ட என்னன்னு சொல்றது?"

"சார், நீங்க சாப்பிடுங்க," என்றார் அக்கா.

நூல்களுக்கு எண் ஒட்டுகிறவர் மட்டும் தலையைச் சாய்த்துப் பார்த்தார். பொறுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

பாஸ்பரஸ் 6.2. கணுக்கால் அப்படியே.

மே 8, வியாழன்

டெய்லரக்காவின் விலா கூடிவிட்டது. இப்போது தும்மலுக்குப் பயப்படுகிறார்.

ஜூன் 10, செவ்வாய்

பாஸ்பரஸ் 5.1. கால்சியம் 9.4. கழுத்துச் சுரப்பி விடும் ஹார்மோனின் அளவும் இறங்கியிருக்கிறது.

"இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம்," என்றார் டாக்டர்.

"இப்போதைக்குன்னா எதுவரைக்கும்?" என்றார் அப்பா.

"அடுத்த டெஸ்ட் வரைக்கும்."

அப்பாவுக்கு அது போதுமானதாக இருந்தது. கரைந்த எலும்பு முழுக்கத் திரும்பாது என்றும் டாக்டர் சொன்னார். வலி பாதி குறைந்திருக்கிறது. மீதிப் பாதியோடு பழகிக்கொள்ள வேண்டும் போல.

ஜூன் 11, புதன்

அலமாரிச் சாவியை யார் தொலைத்தது என்று மதியம் சண்டை. நானும் கலந்துகொண்டதில் மாத்திரையை மறந்துவிட்டேன். நாலு வாய் தின்றபின் பார்த்தால், மூவரும் சாப்பிடாமல் என் பையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். பையிலிருந்து எடுத்துக் கடித்தேன். நான் மென்று விழுங்கும் வரை இருந்துவிட்டு, சாவி கடைசியாக என்னிடம்தான் இருந்தது என்று மூன்று பேரும் சாதித்தார்கள்.