சிங்கத்தைக் கட்டிப் போட்ட வாரம்

அக். 6, திங்கள்

புழுக்கம். ஃபேன் சுத்துது, காத்து வரல. கடைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி எங்க ஊரு வெப்சைட் 'கோட்டைவாசல்' புகார்ப் பெட்டிய காலி பண்ணிடலாம்னு உக்காந்தேன். காலி ஆகல.

இன்னிக்கு வந்தது:
– அவலூர்பேட்ட கடைசி பஸ் எத்தன மணிக்குன்னு ஒருத்தர் கேட்டதுக்குக் கீழ, இன்னொருத்தர் தன் பையனுக்குப் பொண்ணு தேடறாரு. தூக்கியாச்சு.
– ஆடு காணோம்னு போட்டவருக்கு "குழம்பு நல்லா இருந்துச்சு"ன்னு பதில். சிரிச்சுட்டுத் தூக்கினேன்.
– கோட்டைல குரங்கு மூக்குக் கண்ணாடிய புடுங்கிட்டு ஓடிடுச்சாம். அட்மின் நடவடிக்கை எடுக்கணுமாம். யார் மேல?
– சிங்கமும் பிழைதிருத்தியும். மறுபடியும்.

லாக்டவுன்ல எந்தக் கடை திறந்திருக்குதுன்னு சொல்லிக்கறதுக்கு ஆரம்பிச்சது. மெட்ராஸ்ல வேல செய்யற தம்பி வெப்சைட் போட்டுக் குடுத்தான். "நீ சும்மா மேலாப்புல பாத்துக்கக்கா"ன்னான். இப்ப செஞ்சி மொத்தமும் உள்ள உக்காந்திருக்குது. மெடிக்கல் ஷாப்ல மாத்திர கிழிச்சுக் குடுக்கறவ, ஊருக்கு நாட்டாமை.

சிங்கவரம் சிங்கம் யாருன்னு எனக்குத் தெரியாது. விவசாயி, அவ்ளோதான். டைப் பண்ண மாட்டாரு. வாயால சொல்லுவாரு, போன் அதுக்குப் புரிஞ்சத எழுதும். தெனம் விடிஞ்சதும் மழை நிலவரம். டிவில சொல்றத விட இவரு சொல்றதத்தான் ஊரு நம்புது. இன்னிக்குப் போட்டிருந்தது:

"இன்று மலை வராது. மல்லாக்க ரோட்டில் கொட்டாவி. பயமில்லை."

அதாவது மழை வராது, மல்லாட்டைய, அதான் வேர்க்கடலைய, ரோட்ல கொட்டிக் காயவெக்கலாம், பயமில்ல. எல்லாருக்கும் புரியுது. பிழைதிருத்திங்கற பேர்ல ஒரு ஆளு இருக்காரு, அவருக்கு மட்டும் புரியாது. உடனே பதில்:

"மலை எப்படி ஐயா வரும்? நம் ஊரில் மூன்று மலை. மூன்றும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. இன்று காலையும் பார்த்தேன்."

சண்ட ஆரம்பம். நான் குளிக்கப் போயிட்டேன்.

அக். 7, செவ்வாய்

குளிச்சிட்டு வந்திருக்கக் கூடாது. நேத்து சண்ட பக்கம் பக்கமாப் போயிருக்குது. ஊரே ரெண்டு கட்சி. மழைக் கட்சி, எழுத்துக் கட்சி.

சிங்கம் கோவத்துல "நீ நாசமாப் போ"ன்னு கத்திருப்பாரு போல. போன் எழுதினது: "நீ நாசா போ." அதுக்குக் கீழ யாரோ "வாழ்த்துகள், எப்ப கிளம்பறீங்க?" பிழைதிருத்தி அதுக்கும் சளைக்கல. "நாசாவுக்குப் போனாலும் ழகரம் ழகரம்தான்."

சிரிப்புதான். ஆனா சாயங்காலத்துல ஒருத்தன் சிங்கத்தப் பாத்து "படிக்காத தற்குறி"ன்னான். இன்னொருத்தன் பிழைதிருத்திய வீடு தேடி வந்து ஒதப்பேன்னான். அந்த ரெண்டு பேரையும் வெளிய அனுப்பிட்டேன். அப்பறம் யோசிச்சு, கொளுத்திப் போட்ட சிங்கத்துக்கும் பிழைதிருத்திக்கும் ஒரு வாரம் தடை. நியாயம்னா நியாயம்.

வீட்டுக்காரரு ஷிஃப்ட் முடிச்சு வந்தாரு. அவலூர்பேட்ட ரூட் கண்டக்டர், அதனால என் பாவமெல்லாம் அவர் பஸ்ஸுல ஏறுது.

"இன்னா மேரி, சிங்கத்த கட்டிப் போட்டுட்டியாமே?"

"யாரு சொன்னா?"

"பஸ்ஸே சொல்லுது. ஒருத்தன் டிக்கெட் எடுக்க மாட்டேன்றான். மொதல்ல ஒம் பொண்டாட்டிய தடைய எடுக்கச் சொல்லுன்றான்."

சாதம், கத்திரிக்கா குழம்பு. அவரு ரெண்டு வாட்டி போட்டுக்கினாரு. நான் சாப்புடல.

அக். 8, புதன்

அமைதி. அப்பாடா.

பிழைதிருத்தி அட்மினுக்குத் தனியா ஒரு மெசேஜ். மன்னிப்புக் கேட்டிருப்பாருன்னு ஆசையாத் திறந்தேன். "அம்மா, தாங்கள் என்னை 'தற்க்காலிகமாக' நீக்கியுள்ளீர்கள். அங்கே க் வராது. தற்காலிகமாக. மற்றபடி தண்டனையை ஏற்கிறேன்."

திருத்திட்டேன்.

சாயங்காலம் வரைக்கும் யாரும் ஒண்ணும் எழுதல. ஒருத்தர் மட்டும் "என்ன, யாரையும் காணோம்?"னு போட்டிருந்தாரு. அதுக்கும் பதில் இல்ல. சாவு வீடு மாதிரி. நானே ஒரு ரோஜாப்பூ படம் போட்டுப் பாத்தேன். ஒருத்தரும் சீண்டல.

அக். 9, வியாழன்

மதியம் சாப்பாட்டு நேரத்துக்கு ஊத்து ஊத்துன்னு ஊத்திடுச்சு. காலைல சுத்தமா வெயிலு. யாருக்கும் சந்தேகமே இல்ல. ரோடு நெடுக மல்லாட்ட. எல்லாம் நனஞ்சு போச்சு.

எல்லாத்துக்கும் காரணம் நான்.

கடைக்கு ஒருத்தரு சொட்டச் சொட்ட வந்து நின்னாரு. கையில ஒரு பிடி மல்லாட்ட. அத கல்லா மேல கொட்டினாரு.

"இத பாரு. மொளைக்கும். சிங்கம் இருந்திருந்தா விடியக்காலமே சொல்லிருக்கும். நீதான அது வாயக் கட்டின?"

ஓனரு பில் புக்குக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கினாரு. நான், "அண்ணே, தடை போட்டா எழுதத்தான் முடியாது, மழைய நான் வரவைக்கல"ன்னேன். "எழுதாம எங்களுக்கு எப்டித் தெரியும்?"னாரு. காய்ச்ச மாத்திர வாங்கினு போனாரு. மல்லாட்டய எடுத்துக்கல.

கடைய விட்டு வந்ததும் மொத வேல, ரெண்டு பேர் தடையும் எடுத்துட்டேன். பொதுவுல மன்னிப்பும் கேட்டேன். எழுத்துப் பிழை இருக்குதான்னு மூணு வாட்டி படிச்சிட்டுத்தான் போட்டேன்.

பிழைதிருத்தி உடனே வந்து நன்றி சொன்னாரு. சிங்கம் வரல.

அக். 10, வெள்ளி

தூறல். சிங்கம் இன்னிக்கும் இல்ல. மெசேஜ் அனுப்பினேன், பாக்கவே இல்ல. கோவமா இருக்காருன்னு எல்லாரும் பேசிக்கறாங்க. "சிங்கமே திரும்பி வா"ன்னு ஒரு தனி இழை ஓடுது. அதுல ஒருத்தர் கவித எழுதிருக்காரு. தூக்கலாமான்னு யோசிச்சேன், பாவம்னு உட்டுட்டேன்.

கடைல கூட்டம் அடங்கின நேரம் ஒரு அம்மா வந்தாங்க. ஐம்பது தாண்டியிருக்கும். காட்டன் புடவ, தோள்ல துணிப் பை. இருமல் மருந்தா, தைலமான்னு நான் பாத்துனு இருக்கேன்.

"கோட்டைவாசல் மேரி நீங்கதானே?"

அடுத்த அடி விழப்போவுதுன்னு நெனச்சேன்.

"நான்தாம்மா பிழைதிருத்தி. பேரு குணசுந்தரி. அவலூர்பேட்டைல கல்யாணப் பத்திரிகை அடிக்கிற பிரஸ்ல ப்ரூஃப் பாக்கறேன்."

நான் இத்தன நாளா மனசுல வெச்சிருந்தது ஒரு ரிட்டயர் ஆன வாத்தியாரு. சோடாபுட்டி கண்ணாடி, கையில பிரம்பு. ஸ்டூல் எடுத்துப் போட்டேன். உக்காரல.

"அவரு ஏன் வரல?"

"கோவம்க்கா. நாலு நாள்ல சரியாயிடும்."

"இல்லம்மா. கோவம்னா வந்து திட்டுவாரு. மூணு வருஷமா பாக்கறேன், ஒரு நாள் வாய மூடினதில்ல." பைய மாத்தித் தோள்ல போட்டுக்கினாங்க. "நேத்து ராத்திரி நானே 'இன்று மலை வருமா?'ன்னு எழுதினேன். வேணும்னே. லகரம் போட்டு. இத உட்டு வெக்க மாட்டாரு, 'இப்ப இன்னா சொல்ற'ன்னு குதிச்சுனு வருவாருன்னு பாத்தேன். வரல."

அந்தம்மா லகரம் போட்டு எழுதினாங்கன்னா விஷயம் பெருசு.

"ஆளு யாரு, வீடு எங்கன்னு உங்களுக்குத் தெரியுமில்ல? நீங்க அட்மின் ஆச்சே."

எனக்கு அவரோட ஈமெயில் தெரியும். அதுல singam-னு கூட இல்ல, வெறும் நம்பர். இத சொன்னேன். இப்படி ஒரு பார்வ பாத்தாங்க. தற்க்காலிகத்துக்குக் கூட அப்படிப் பாத்திருக்க மாட்டாங்க.

நாளைக்குக் காலைல சிங்கவரம் போறதா முடிவு. இவருக்கும் நாளைக்கு லீவு.

அக். 11, சனி

எப்படி எழுதறதுன்னு தெரியல. வரிசையா எழுதறேன்.

ஆட்டோல நான், இவரு, குணசுந்தரி அக்கா. வழி நெடுக அக்கா அவரோட பழைய பதிவையெல்லாம் போன்ல தேடித் தேடிப் படிச்சினு வந்தாங்க. கிணத்தோரம் மோட்டார் கொட்டா, பக்கத்துல ரெண்டு பனமரம், பின்னால மலைக்கோயில் தெரியும்னு எப்பவோ எழுதிருக்காரு. எழுதினது "ரெண்டு பணமரம்". மூணு சுழி ண போட்டு. அதனாலதான் அக்காவுக்கு ஞாபகம் இருந்துச்சு. அன்னிக்கு ஒரு முழு நாள் சண்ட போட்டிருக்காங்க.

ஊர்ல டீக்கடைல கேட்டோம். சிங்கம்னா யாருக்கும் தெரியல. இவரு, "காலங்காத்தால போன்ல மழை பத்திப் பேசுவாரே"ன்னாரு. டீ ஆத்தினவரு சிரிச்சாரு.

"அட, ஏளுமல! காது கேக்காத சம்பந்தி யார்கிட்டயோ தெனம் கத்துனு இருப்பான். அவன் திருப்பூரு போயிட்டானே, பொண்ணு ஊட்டுக்கு. போவணும்னு சொல்லினு இருந்தான்."

வீட்டுக்குப் போனோம். பூட்டு. பக்கத்து வீட்டம்மாவும் திருப்பூருன்னாங்க. இவரு என்னைப் பாத்தாரு, கிளம்பலாமான்ற மாதிரி. எனக்கும் அப்டித்தான் தோணிச்சு.

அக்கா நகரல. "ஊருக்குப் போறவரு மாட்டுக்கு வைக்கோல் போடாமப் போவாரா?"

வேலி ஓரத்துல மாடு. காலித் தொட்டிய நக்கினு நிக்குது.

பனமரத்த அடையாளம் வெச்சு வரப்புல ஓடினோம். அக்கா செருப்பு சேத்துல மாட்டிக்கிச்சு, எடுக்கல, அப்டியே வந்தாங்க. மோட்டார் கொட்டா கதவு ஒருக்களிச்சுத் திறந்திருந்துச்சு. உள்ள கயித்துக் கட்டில். அதுல ஆளு.

வியாழக்கெழம மழைல மல்லாட்டைக்குத் தார்ப்பாய் போட ஓடியிருக்காரு. வழுக்கி விழுந்து தொட எலும்பு போச்சு. போன் கிணத்துக்குள்ள. தவழ்ந்து தவழ்ந்து கொட்டாக்கு வந்து கட்டில்ல ஏறியிருக்காரு. கத்திக் கத்திப் பாத்து தொண்ட போயிடுச்சு. பானைத் தண்ணியும் பச்ச மல்லாட்டயுமா ரெண்டு ராத்திரி.

தொட்டுப் பாத்தேன். காய்ச்சல் கொதிக்குது. கால் வீங்கிக் கெடக்குது. இவரு ஆம்புலன்ஸுக்கு போன் போட்டாரு. நான் கால அசைக்காம ரெண்டு பக்கமும் சாக்க மடிச்சு அண்ட குடுத்தேன். அக்கா கட்டில் பக்கத்துல மண்ணுல உக்காந்து, முந்தானைய நனச்சு அவரு ஒதட்டத் தொடச்சாங்க.

"நீங்க யாரு?"ன்னாரு. சத்தமே வரல, காத்துதான் வருது.

"பிழைதிருத்தி."

தலையத் தூக்கிப் பாத்தாரு.

"பொம்பளையா?"

"ஆமா."

கண்ண மூடிக்கினாரு. "மூணு வருசமா ஒரு பொம்பளையவா போடா வாடான்னு..."

"பரவால்ல. அதெல்லாம் பிழை இல்லாமத்தான் வந்துச்சு"ன்னாங்க அக்கா. சொல்லிட்டு அழுதுட்டாங்க. நானும்தான். இவரு மாட்டுக்குத் தண்ணி காட்டறேன்னு வெளிய போயிட்டாரு.

அக். 13, திங்கள்

விழுப்புரம் பெரியாஸ்பத்திரி. ஆபரேஷன் முடிஞ்சுது, பிளேட் வெச்சிருக்காங்க. நடக்க மாசமாகும், ஆனா நடப்பாராம். திருப்பூர்லேர்ந்து பொண்ணு வந்துடுச்சு. என் கையப் புடிச்சுக்கிச்சு. "அப்பா தெனம் போன்ல உங்களத்தான் திட்டுவாரு"ன்னு அக்காகிட்ட சொல்லிச்சு. அக்காவுக்குப் பெருமை.

தொண்ட இன்னும் சரியாகல, அதனால பொண்ணோட போன்ல வெரலால டைப் பண்ண அக்கா சொல்லித் தராங்க. ஒரு எழுத்துக்கு ஒரு சண்ட. நர்ஸ் ரெண்டு வாட்டி வந்து அதட்டிட்டுப் போச்சு. மாட்ட டீக்கடைக்காரரு பாத்துக்கறாரு.

கோட்டைவாசல்ல விஷயத்தப் போட்டேன். இதுவரைக்கும் ஒரு வார்த்த எழுதாதவங்கல்லாம் எழுதறாங்க. யார் யாரோ சேந்து அவரு நனஞ்ச மல்லாட்டய அள்ளிக் காயவெச்சிருக்காங்க. கடைல வந்து கொட்டினவரும் அதுல ஒருத்தரு.

அக். 15, புதன்

ரெண்டு பேரையும் மாடரேட்டர் ஆக்கிட்டேன். அவருக்குப் படுக்கைல பொழுது போவல, அக்காவுக்கு எப்படியும் எல்லாத்தையும் படிக்கணும். எனக்கும் ஒத்தாச. இவரு, "யோசிச்சுதான் செய்யறியா?"ன்னாரு. "இன்னா ஆவப்போவுது"ன்னேன்.

அக். 17, வெள்ளி

என்னைத் தடை பண்ணிட்டாங்க.

ஒருத்தன் பதினோராவது தடவையா அவலூர்பேட்ட கடைசி பஸ் எத்தன மணிக்குன்னு கேட்டான். "கண்ணு இன்னா பொடனிலயா இருக்குது, மேல பாரு"ன்னு எழுதிட்டேன். மரியாதைக் குறைவாம். விதி நாலாம். அந்த விதிய எழுதினதே நான். சிங்கம் தடை போட்டிருக்காரு, அறிவிப்ப பிழைதிருத்தி எழுதிருக்காங்க. ஒரு தப்பு இல்ல. மூணு நாள்.

கீழ ஊரே கைதட்டுது. இவரும் தட்டிருக்காரு. பாத்துட்டேன்.

சாயங்காலம் செய்யறதுக்கு ஒண்ணுமில்ல. வாசல்ல வந்து நின்னேன். எதிர் வீட்ல ஒரு பொண்ணு துணி எடுத்துனு இருந்துச்சு, இடுப்புல கொழந்த.

"புதுசா குடி வந்திருக்கீங்களா?"

"ஆனி மாசமே வந்துட்டோங்க்கா. பால் காச்சினப்ப உங்க வீட்டுக்கும் குடுத்தனுப்பினேன். வாங்கிக்கினீங்களே."

"அப்டியா?"

"ஆமாங்க்கா. போன் பாத்துனே வாங்கினீங்க."