இறங்கி நடப்பேன்

கார்க்,
12 மே 1995

அன்புள்ள அக்கா நோரீனுக்கு,

உன் கடிதம் வந்தது. லென் காலமாகி ஒரு வருடம் ஓடிவிட்டதா! அவருக்காகக் கோயிலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். யாருக்கென்று கேட்டார்கள், சொல்லவில்லை.

நீயும் உன் சிநேகிதி டாட்டும் வரும் உல்லாசக் கப்பல் ஜூனில் கோவ் துறைமுகத்தில் ஒரு பகல் நிற்கும் என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அங்கிருந்து ரயில் ஏறி கார்க்குக்கு வந்துவிடாதே.

கான் இன்னும் நம் தெருவில்தான் குடியிருக்கிறான். நீ போட்டுவிட்ட கல்யாண மோதிரத்தை இன்னும் விரலிலிருந்து கழற்றவில்லை. ஞாயிறு பூசையில் காணிக்கைத் தட்டு ஏந்துபவன் அவன்தான். பெண்டாட்டி இங்கிலீஷ்காரனோடு ஓடிப்போன பாவப்பட்ட மனுஷன் என்றுதான் ஊர் அவனைப் பார்க்கிறது. நீ கப்பலேறிப் போய்விடுவாய். மறுநாள் கடைக்குப் போக வேண்டியவள் நான்.

நானே கோவுக்கு வருகிறேன். துறைக்கு எதிரே ஒரு ஓட்டல் இருக்கிறது. தேநீர் குடித்துக்கொண்டு ஆற அமரப் பேசுவோம். சாயங்காலம் நீ கப்பலுக்குத் திரும்பிவிடலாம். யாருக்கும் தெரிய வேண்டாம்.

பழசைக் கிளறி என்ன ஆகப்போகிறது, சொல்லு.

உன் தங்கை,
கார்மெல்


சவுத்தாம்ப்டன்,
20 மே 1995

அன்புத் தங்கச்சி கார்மெலுக்கு,

தேநீர் இங்கேயே நன்றாகக் கிடைக்கிறது. அதற்காக நான் கடல் தாண்டி வரவில்லை.

பதினான்கு வருடமாக நீங்கள் சொன்னதையெல்லாம் கேட்டேன். அம்மா அடக்கத்துக்கு வராதே, ஊர் பேசும் என்றீர்கள். வரவில்லை. அப்பா போனபோதும் அதையே சொன்னீர்கள். அப்போதும் வரவில்லை. சாக வேண்டியவர்கள் எல்லாரும் செத்தாயிற்று. இனி யார் மனம் நோகக்கூடாதென்று நான் ஒளிய வேண்டும்? கான் மனமா?

சட்டப்படி நான் இன்னும் அவன் மனைவிதான். நம் நாட்டில் அந்த முடிச்சை அவிழ்க்க ஒரு சட்டம் கிடையாது. அதனால் லென்னை நான் 'என் வீட்டுக்காரர்' என்று எழுதினால்கூட, நீ பதில் கடிதத்தில் 'லென்' என்றோ 'அவர்' என்றோதான் எழுதுவாய். கவனிக்காமல் இல்லை.

இறங்கி நடப்பேன். ரயிலடியிலிருந்து ஆற்றங்கரையோடு பாலம், பாலம் தாண்டி பேட்ரிக் தெரு, மார்க்கெட், அப்புறம் ஷாண்டன் மேட்டில் ஏறி நம் தெரு. பட்டப்பகலில், நடுவீதியில். கூட வர இஷ்டமிருந்தால் வா. இல்லையென்றால் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொள்.

கோபமில்லை. உன்மேல் எனக்கு ஆசைதான் அதிகம்.

அக்கா,
நோரீன்


கப்பலில்,
17 ஜூன் 1995

அன்பு கார்மெலுக்கு,

நீ ஓட்டல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் எதிர் நாற்காலியைக் கை காட்டினாய். நான் ரயிலடியைக் கை காட்டினேன். நீ மாட்டேன் என்று தலையை ஆட்டினாய். கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று நாம் பேசியது அவ்வளவுதான். தலை நரைத்துவிட்டதடி உனக்கு. அம்மாவை அப்படியே உரித்து வைத்திருக்கிறாய்.

ரயிலில் டாட் கேட்டாள், யார் அது, ஏன் கூட வரவில்லை என்று. தங்கச்சி, அவள் இந்த ஊரில் வாழ வேண்டியவள் என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

பாலத்தில் ஏறும்போது தூறல், குடை விரித்தால் சிரிப்பார்களே அந்தத் தூறல். தண்ணீர் இறங்கிப்போய் லீ ஆற்றின் சேற்று வாடை வந்தது. டாட் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் நன்றாக இழுத்து மூச்சு விட்டேன். பேட்ரிக் தெருவில் நடந்தபடியே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கான் அடித்துக் கன்னத்து எலும்பு உடைந்தது, புருவத்தில் தையல் போட்டது, நான் மாடிப்படியில் விழுந்துவிட்டதாக டாக்டரிடம் அம்மா சொன்னது, காயம் ஆறுமுன் என்னை அவன் வீட்டுக்கே திருப்பி அனுப்பியது எல்லாம். அவள் கையிலிருந்த ஊர் வரைபடத்தை மடித்துப் பையில் வைத்தாள். பிறகு, "சுத்திப் பாக்க வந்தோம்னு நெனச்சேன். சரி, அவன் வீடு எந்தப் பக்கம்?" என்றாள்.

மார்க்கெட்டில் ஹனோரா க்ரோலி இன்னும் ரத்தம் அடைத்த ட்ரிஷீன் குடலை நறுக்கிக்கொண்டிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் கத்தி நின்றுவிட்டது.

"நீ செத்துட்டேன்னாங்களே பொண்ணே."

யார் சொன்னது என்று கேட்டேன்.

"யாரும் சொல்லல. அப்பிடித்தான் உன்னைப் பத்திப் பேசுவாங்க."

இரண்டு துண்டு பொட்டலம் கட்டி என் கையில் திணித்தாள். டாட் அதை மோந்து பார்த்துவிட்டுக் கப்பல் சாப்பாடே போதும் என்றாள்.

மேடு ஏறி நம் தெருவுக்குள் நுழைந்தபோது கான் தன் வாசலில் நின்றிருந்தான். ஊர் வாய் ரயிலைவிட வேகம், யாரோ சொல்லியிருப்பார்கள். எவ்வளவு சின்ன ஆளாகிவிட்டான்! எதிர் வீடுகளில் கதவுகள் திறந்தன. ஆள் சேர்ந்ததும் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டான்.

"வந்துட்டியா நோரீன். கதவு தெறந்துதான் இருக்கு. நான் எப்பவோ மன்னிச்சுட்டேன்."

கார்மெல், அவன் கண் கலங்கியிருந்தது. எதிர்வீட்டுக்காரி சிலுவை போட்டுக்கொண்டாள். நான் அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்:

"நீ என்னத்த மன்னிக்கிறது, கான்? என் எலும்ப ஒடச்சவன் நீ. நான்தான் மன்னிக்கணும். மன்னிக்கல. அதுக்கு வரவுமில்ல. இந்தத் தெருவில நடக்க வந்தேன்."

அவன் என் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், ஊர் நடுவில் என் மானத்தை வாங்காதே என்றான். அந்தக் குரல் எனக்குத் தெரியும். அடிக்குமுன் வருகிற குரல்.

"சத்தமா சொல்லு. அவங்களுக்கும் கேக்கட்டும்" என்றேன்.

சொல்லவில்லை. தொப்பியை மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டான். நான் தெருவின் கடைசி வீடு வரை நடந்தேன். அங்கிருந்து திரும்பி அதே வழியாக மெதுவாக வந்தேன். டாட் என் கையைப் பிடித்திருந்தாள். உன் வாசலில் கொஞ்சம் நின்றேன்.

துறைக்குத் திரும்பியபோது ஓட்டலில் நீ இல்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அன்று கிண்ணத்தில் வெந்நீர் கொண்டுவந்து என் முகத்தைக் கழுவியவள் நீ. நடந்ததைப் பார்த்த ஆள் நீ ஒருத்திதான். ஓடிப்போனவள் என்று ஊர் சொன்னபோதெல்லாம் நீ எங்கே இருந்தாய்?

பதில் வருகிறவரை நான் எழுதப்போவதில்லை.

நோரீன்


கார்க்,
3 டிசம்பர் 1995

அன்பு அக்காவுக்கு,

முதல் மாதம் உன்மேல் கோபம். ஓட்டலில் அத்தனை நேரம் காக்க வைத்தாய். ஊருக்குத் திரும்பினால் வாசலுக்கு வாசல் உன் பேச்சு. அப்புறம் கோபம் போய்விட்டது. ஆனாலும் எழுதக் கை வரவில்லை.

மணமுறிவுச் சட்டத்துக்கு நாடு முழுக்க ஓட்டுப் போட்டோமே, நீயும் செய்தியில் பார்த்திருப்பாய். அதற்கு முந்தின வாரம், சட்டம் வேண்டாமென்று துண்டுப் பிரசுரம் கொடுக்கக் கோயில் கூடத்தில் எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். என் கையிலும் ஒரு கட்டு. முன்வரிசையில் கான். பாதிரியார் அவனைக் காட்டி, சிதைந்த குடும்பத்தின் வேதனையை இவரிடம் கேளுங்கள் என்றார். கான் தலை குனிந்துகொண்டான். எல்லாரும் 'ச்சு' கொட்டினார்கள்.

எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை.

"ஃபாதர், எங்கக்கா படியில விழல. இவரு அடிச்சாரு. நான் பாத்தேன். ரத்தத்தக் கழுவினதும் நான்தான்."

பாதிரியார், "உக்காரு கார்மெல்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார், கெட்ட மனிதர் இல்லை. நான் உட்காரவில்லை. பிரசுரக் கட்டை அங்கேயே நாற்காலியில் வைத்துவிட்டு நடு வழியாக வெளியே நடந்தேன்.

மயிரிழையில் சட்டம் ஜெயித்துவிட்டது. அதில் ஒரு மயிரிழை என்னுடையது. விண்ணப்பம் எப்படிப் போடுவதென்று விசாரித்து வைத்திருக்கிறேன். அடுத்த வருடமாவது நீ அவன் மனைவியாக இருக்க வேண்டாம். லென் உன் வீட்டுக்காரர்தான். இதோ, எழுதிவிட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு வா. கப்பல்காரர்கள் கொடுக்கும் ஒரு பகல் போதாது. டாட்டையும் கூட்டி வா, என் சமையல் அவளுக்குப் பிடிக்காவிட்டால் போகிறது. பூசைக்கு வர மனமில்லையென்றால் வர வேண்டாம். வந்தால் இடத்துக்குக் கவலையில்லை. அன்றிலிருந்து என் பெஞ்சில் யாரும் வந்து உட்காருவதில்லை. நாம் மூன்று பேரும் தாராளமாக உட்காரலாம்.

உன் தங்கை,
கார்மெல்