முன்வாசல் பாதி

புவெனோஸ் அயர்ஸ்
3 ஆகஸ்ட் 1996

அன்புள்ள அக்கா லியோநார்தாவுக்கு,

நலம். இங்கே குளிர் தாங்கவில்லை. காய்ச்சிக் குடிக்க நீ அனுப்பிய மாத்தே இலையும் தீர்ந்துவிட்டது.

அம்மா போய் ஒரு வருடமாகிறது. வீட்டை விற்கலாம் என்றால் நீ மாட்டேன் என்கிறாய். இப்படியே விட்டுவிட எனக்கு மனமில்லை. நூறு வருடத்துக்கு முன் நம் ஊர் இருக்கிற இந்தச் சாக்கோ நிலத்துக்காக அர்ஜென்டினாவும் நம் நாடும் முறைத்துக்கொண்டு நின்றபோது என்ன செய்தார்கள்? இந்த மண்ணை எட்டிக்கூடப் பார்க்காத அமெரிக்க ஜனாதிபதி ஆயெஸிடம் தீர்ப்பை விட்டார்கள். அவர் நமக்கென்று சொன்னார். அவர் நாட்டில் அவரை நினைப்பாரில்லை, நம் ஊருக்கோ அவர் பெயரே வைத்திருக்கிறோம். வருடா வருடம் பிள்ளைகளை நிறுத்தி அவருக்கு நன்றிப் பாட்டு பாடவைக்கும் வாத்தியாரம்மா நீ.

நாமும் அப்படியே செய்வோம். அசுன்சியோனில் பலாசியோஸ் என்று ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் இருக்கிறார். நம்மையும் தெரியாது, வீட்டையும் பார்த்ததில்லை. வீடு யாருக்கு என்று அவர் சொல்வதே முடிவு.

உன் தம்பி
எவரிஸ்தோ

வில்லா ஆயெஸ்
20 ஆகஸ்ட் 1996

அன்புத் தம்பி,

சம்மதம். பேச்சில் உன்னை யார் ஜெயிப்பது? காகிதங்களை எல்லாம் நானே எழுதி நீதிபதிக்கு அனுப்பிவிட்டேன். பின்கட்டில் குடியிருக்கும் நம் பிதெலினா உன்னை விசாரித்தாள். "அந்தப் பய இன்னும் மீன் முள்ளைத் தொண்டையில சிக்க வச்சுக்கிறானா?" என்றாள். பதில் எழுது.

அக்கா

புவெனோஸ் அயர்ஸ்
28 அக்டோபர் 1996

அக்கா,

தீர்ப்பு உனக்கும் வந்திருக்கும். வீடு, நிலம் முழுக்க உனக்கே. வயிறு எரிகிறது, ஆனாலும் சொன்ன சொல் சொன்னதுதான். உனக்குப் பிறகு என் பிள்ளைகளுக்குத்தானே?

ஒன்று மட்டும். 'வேறு குடியிருப்போர் இல்லாத நிலம்' என்று அதில் எழுதியிருக்கிறார். பிதெலினாவை அவள் கோம் பழங்குடி ஜனங்களோடு அனுப்பிவிடு. பின்னால் வில்லங்கம் வேண்டாம்.

எவரிஸ்தோ

வில்லா ஆயெஸ்
13 நவம்பர் 1996

தம்பி,

தீர்ப்பைப் பெருமையாகப் பிதெலினாவிடம் வாசித்துக் காட்டினேன். மீன் நறுக்கிக்கொண்டே கேட்டாள்: "நான் எங்க இருக்கேன்னு எழுதியிருக்கு?"

எங்கும் இல்லை. எப்படி இருக்கும்? காகிதங்களை எழுதியவள் நான். நம்மைத் தூக்கி வளர்த்தவள், அம்மாவுக்குக் கடைசிவரை மலம் அள்ளியவள், அவளை எழுத எனக்குத் தோன்றவே இல்லை. வெட்கத்தில் செத்தேன்.

அவள் கோபப்படவில்லை. "உங்கப்பன் மொதக் கம்பம் நட்டப்ப நாங்க இங்கதான் இருந்தோம், லியோ. அப்பவும் யாரும் கேக்கல" என்று சொல்லிவிட்டு மீனைக் கழுவப் போனாள்.

நேற்று ஆயெஸ் விழா. பிள்ளைகளை வழக்கம்போல் சிலை முன் நிறுத்தினேன். பாட வைக்கவில்லை. அவர் தீர்ப்பு சொன்ன அன்று இங்கே யார் மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்று கேட்டேன். பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும்.

போன வெள்ளிக்கிழமையே பத்திரம் எழுதியாகிவிட்டது. நிலத்தில் பாதி பிதெலினாவுக்கு. தீர்ப்பை மீறிவிட்டாய் என்பாய். ஆமாம், மீறினேன். பிள்ளைகளின் பங்கு போயிற்று என்பாய். போகட்டும்.

வழக்குப் போடுவதானால் போடு, நேரில் வந்தே சண்டை போடு. ஆனால் வாசலில் நின்று பிதெலினாவிடம் அனுமதி கேட்டுவிட்டு உள்ளே வா. நான் கொடுத்தது பின்கட்டை அல்ல, முன்வாசல் பாதியை.

உன் அக்கா
லியோநார்தா