பார்சல் கட்டிய கயிறு

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே நன்றாக இருக்க வேண்டும். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், அதற்கு மேல் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. ஃபோனில் உன் குரலைக் கேட்டால் சொல்ல வந்ததைச் சொல்லாமலே வைத்துவிடுகிறேன், அதனால்தான் எழுதுகிறேன். மாடி வீட்டு நர்ஸ் இதைப் போட்டோ எடுத்து இன்றைக்கே உனக்கு அனுப்பித் தருகிறேன் என்றிருக்கிறாள். முதலில் ஒரு விஷயம். அப்பாவின் கம்பளியை வைத்து அனுப்பினேனே அந்த அட்டைப்பெட்டி, அதைச் சுற்றிக் கட்டியிருந்த கயிறு இருக்கிறதா என்று பார். இருந்தால் அதிலுள்ள முடிச்சுகளை அவிழ்த்துவிடாதே. ஏன் என்று சொல்கிறேன்.

யுனிவர்சிட்டியில் நான் பெருக்குகிற கட்டடத்தில், மாடிப்படிக்குக் கீழே உடைந்த நாற்காலி போட்டிருந்த அறையை ஒழித்து நாலு டிபார்ட்மெண்ட் ஆட்கள் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். தண்ணீரைப் பற்றிப் படித்த மேடம், மண் படித்த சார், சட்டம் படித்தவர், வீடு வீடாகப் போய் ஜனங்களைக் கேள்வி கேட்கிற ஒரு சின்னப் பெண். தண்ணீரையும் நிலத்தையும் பின்னால் வருகிறவர்களுக்கும் மிச்சம் வைத்து எப்படிப் புழங்குவது என்று நாலு பேரும் சேர்ந்து ஆராய்ச்சி செய்கிறார்களாம். தனித்தனியாகக் கேட்டால் யுனிவர்சிட்டி பணம் கொடுக்கும், சேர்ந்து கேட்டால் இது எந்த டிபார்ட்மெண்ட் செலவு என்று ஒவ்வொரு மேசையாகத் தள்ளிவிடுவார்கள். பிரிண்டருக்கு மை வாங்கிக் கொடுக்கக்கூட ஆள் இல்லை. உங்களுக்கு நாலு மாமியார் இருந்தும் சோறு போட ஒருத்தியும் இல்லை என்று நான் சொன்னதற்கு மண் சார் விழுந்து விழுந்து சிரித்தார். இப்போது இந்த மாதிரி சேர்ந்து செய்கிற வேலைக்கென்றே ஒரு ஃபண்டு வந்திருக்கிறது, மாதக் கடைசிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் அறையைக் காலி செய்ய வேண்டும், ஹாஸ்டலுக்குப் பின்னால் இருக்கிற கிணற்றையும் மூடி வண்டி நிறுத்தும் இடமாக்கிவிடுவார்கள். அப்பாவின் கிணறு, பாப்பா.

பதினோரு வருஷம் அப்பா ஹாஸ்டல் மோட்டாரைப் போடுவதற்கு முன்னால் காலையில் கயிறு விட்டுத் தண்ணீர் எத்தனை முழத்தில் நிற்கிறது என்று பார்த்து நோட்டில் எழுதி வைத்தார் இல்லையா, நாம்கூட இதற்கு என்ன மெடலா தரப்போகிறார்கள் என்று கேலி செய்வோமே, அந்த நோட்டுகளைத்தான் மேடம் பொக்கிஷம் மாதிரி வைத்திருக்கிறார். இத்தனை வருஷக் கணக்கு வேறு யாரிடமும் இல்லையாம். அப்பா போனதும் அது நின்றுபோகக் கூடாது என்று நானே காலையில் போய்க் கயிறு விட்டு எழுதினேன். அப்பா முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருந்த பழைய கயிற்றின் அடிப்பாகம் இற்றுப்போயிருந்தது. அதைக் குப்பை வண்டியில் போட்டுவிட்டேன், தண்ணீர் படாத மேல்பாகம் நன்றாக இருந்ததால் அதை வெட்டி உன் பார்சலைக் கட்டினேன். கிணற்றுக்குப் புதுக் கயிறு வாங்கி அதே மாதிரி முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டேன். என் முழம். எனக்கு அது தோன்றவே இல்லை, முழம் என்றால் முழம்தான் என்று நினைத்துவிட்டேன்.

போன வாரம் மேடம் ஒரு காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினார். வருஷக்கணக்காக ஏறி இறங்கினாலும் ஒரே மட்டமாகப் போன கோடு, அப்பா போன மாதத்திலிருந்து படியிறங்கின மாதிரி கீழே விழுந்து கிடக்கிறது. இதைக் காட்டினால் கமிட்டி பயந்துபோய்ப் பணம் கொடுத்துவிடும் என்று எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். நானோ, கிணற்றுக்கும் தெரிந்திருக்கிறது பார், அதுவும் வற்றிப்போகிறது என்று பைத்தியக்காரி மாதிரி நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். மறுநாள் குளிராக இருந்ததென்று அப்பாவின் முழுக்கைச் சட்டையை மேலே போட்டுக்கொண்டு கயிறு விட்டேன். சட்டைக் கை என் விரலையும் தாண்டித் தொங்கியது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் கை எங்கே, என் கை எங்கே. அவருக்கு இருபத்திரண்டு முழம் எனக்கு இருபத்தைந்து. தண்ணீர் இருந்த இடத்தில்தான் இருக்கிறது.

இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை, மறைக்காமல் சொல்கிறேன். சொன்னால் ஃபண்டு போய்விடும், கிணறு போய்விடும். சொல்லாவிட்டால் அப்பா எழுதின நோட்டில் என் பொய் ஒட்டிக்கொண்டு கிடக்கும், ஒரு நாளாவது பார்க்காமல் எழுதின மனிதரா அவர். மூன்றாம் நாள் துடைப்பத்தைச் சாத்திவிட்டு மேடத்திடம் சொல்லிவிட்டேன். மேடம் அந்தக் கோடு போட்ட காகிதத்தை எடுத்து மடித்து வைத்தார். மண் சார் மட்டும், "அக்கா, இத அடுத்த மாசம் சொல்லியிருக்கக் கூடாதா" என்றார், சிரித்துக்கொண்டேதான், ஆனால் முகம் செத்துப்போயிருந்தது. மேடம் அவரை அதட்டிவிட்டு, எழுதினதை எல்லாம் மாற்ற வேண்டும், விழுந்துவிட்டது என்று காட்ட முடியாது, ஆனால் பதினோரு வருஷமும் இந்த நாலு மாதமும் சரியாகப் பொருந்துகிறது என்று காட்டினால் அதற்கும் மதிப்பு உண்டு, கொடுப்பார்களா என்று தெரியாது என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "அண்ணன் கை எவ்ளோ நீளம்னு இப்ப யாருக்கும்மா தெரியும்" என்று கேட்டார். எனக்குத் தெரியும், பாப்பா. முப்பத்தியிரண்டு வருஷம் என் தோளில் கிடந்த கை. ஆனால் அதை எந்தக் காகிதத்தில் எழுதிக் காட்டுவது. சட்டையை வைத்து அளக்கலாமா என்றேன், கடையில் எடுத்த சட்டையை ஒத்துக்கொள்ள மாட்டார்களாம். அப்போதுதான் உன் பார்சல் ஞாபகம் வந்தது.

அதில் அப்பா போட்ட முடிச்சு எட்டாவது இருக்கும். பார்சல் ஆபீஸ்காரர்கூட இது என்னம்மா கயிறா பாம்புச் சட்டையா என்று திட்டினார். கயிற்றை ரொம்ப இழுக்காமல் தரையில் நீட்டி வைத்து, முடிச்சின் நடுவிலிருந்து அடுத்த முடிச்சின் நடு வரைக்கும் அள, ஒன்றை மட்டும் அளந்துவிட்டு விடாதே, எல்லாவற்றையும் அளந்து எழுது. மாப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்து ஸ்கேலோடு போட்டோ எடு. பெட்டியோடு தூக்கிப் போட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல், கோபப்பட மாட்டேன், நானே பாதியைக் குப்பையில் போட்டவள்தானே. கம்பளியைச் சுடுதண்ணீரில் துவைக்காதே, சுருங்கிவிடும். வேலை வேலை என்று மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். மறந்துவிடாதே, கணக்கு மட்டும் வந்தால் போதும் என்று மேடம் சொல்லிவிட்டார். கயிற்றை இங்கே அனுப்ப வேண்டாம், நீயே வைத்துக்கொள். அப்பா இல்லாவிட்டாலும் நான் இருக்கிறேன் என்று கிணற்றடிக்குத் தினமும் போகிறேன், என் முழத்தில்தான் எழுதுகிறேன், பக்கத்தில் இது அம்மா கை என்று குறித்துவைக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா