கத்துகிற பூனையைத் தந்த நண்பருக்கு

நாங்கள் இப்போது குடியிருக்கும் லம்பா லைனில் பக்கத்து வீட்டுக்காரர் விமானத்தில் ஒரு பெர்ஷியன் பூனைக்குட்டியை வரவழைத்திருக்கிறார். இன்று காலை அதைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். ஈரம் காயாத அந்த ரோமத்தின் வாடை மூக்கில் ஏறியதுமே உம் ஞாபகம் வந்துவிட்டது, நண்பரே.

அப்போது ஹேடோ குவார்ட்டர்ஸில் நமக்கு அடுத்தடுத்த வீடு. நான் துறைமுகத்தில் குமாஸ்தா, நீர் தூத்துக்குடியிலிருந்து வந்த தச்சர். மாற்றலாகித் தீவை விட்டுப் போகிறவர்கள் கப்பலில் ஏற்ற முடியாததையெல்லாம் நமக்கு விட்டுப்போவது வழக்கம். கட்டில் வரும், கோழிக்கூடு வரும். அந்தத் தடவை ஓர் அதிகாரி இரண்டு ஜாதிப் பூனைகளை விட்டுப்போனார். புசுபுசுவென்று வெள்ளையாக ஒரு பெர்ஷியன். கறுத்த முகமும் நீலக் கண்ணுமாக ஒரு சியாமீஸ். முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமையை எனக்கு விட்டீர். நான் அழகைப் பார்த்து வெள்ளையைத் தூக்கிக்கொண்டேன்.

"லட்சணமாத்தான் இருக்கு வே. ஆனா உம்ம வீட்டுக்கு இது லாயக்கில்ல" என்றீர். எனக்குச் சுருக்கென்றது.

என் வீட்டு நிலைமை உமக்குத் தெரியும். பிறந்த பதினோராம் நாள் குழந்தை போனபின் என் மனைவி பேச்சையே நிறுத்தியிருந்தாள். நாலு மாதம். கேட்டால் தலையசைப்பாள், அவ்வளவுதான். அழகான ஓர் உயிர் வீட்டில் இருந்தால் மனம் திரும்புவாள் என்று நினைத்தேன்.

பெர்ஷியனோ பரம சாது. கூப்பிட்டாலும் வராது. புழுக்கம் தாங்காமல் நாள் முழுக்கச் சிமெண்டுத் தரையில் கிடந்தது. மழைக்காலத்தில் ரோமம் சடைபிடித்து நாறியது. இப்போது வீட்டில் இரண்டு பேர் பேசாமல் இருந்தார்கள். எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

ஒரு ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்ததும் சியாமீஸைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தீர். தனிக்கட்டையான உமக்குத் துணை அது ஒன்றுதான். "அதலா பதலி பண்ணிக்கிடுவோம் வே. இதை நீரு வச்சுக்கிடும், அதை எனக்குத் தாரும்." வெள்ளைப் பூனைமேல் கண் வைத்துவிட்டீர் என்று நினைத்து வாய்க்கு வந்ததைப் பேசினேன். நீர் கோபப்படவில்லை.

"அரே, ஒரு வாரம் பாரும். இது சும்மா இருக்க விடாது. பதில் சொல்ற வரைக்கும் கத்தும்."

கத்தியது. அடுப்படியில் அவள் காலைச் சுற்றிச் சுற்றி வந்து, முகத்தை நிமிர்ந்து பார்த்துக் கத்தியது. மூன்றாம் நாள் காலை நான் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து குரல் கேட்டது.

"இருடி, மீனு வேக வேண்டாமா? ஏன் இப்படிக் கத்துற?"

பொத்தான்கூடப் போடாமல் உம் வீட்டுக்கு ஓடிவந்து அழுதேன்.

நீர் வெள்ளைப் பூனையின் ரோமத்தைக் குட்டையாகக் கத்தரித்து, ஈரச் சாக்கில் படுக்கவைத்து, தினமும் சீவிவிட்டீர். "எனக்குச் சத்தமில்லாத பூனைதான் தோது" என்றீர். நானும் நம்பினேன், மடையன். சாயங்காலங்களில் எங்கள் வேலியோரம் நின்று சியாமீஸின் கத்தலைக் கேட்டுவிட்டு, உள்ளே வராமலே போவீர். உம் குரல் கேட்டால் அது உம்மிடமே ஓடிவந்துவிடும் என்றுதான் வாய் திறக்காமல் நின்றீர் என்பது எனக்கு நெடுநாள் கழித்துத்தான் உறைத்தது.

பூனையின் அழகைப் பார்க்காதீர்கள், உங்கள் வீட்டைப் பாருங்கள் என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லி அனுப்பினேன். இதோ, காபி ஆறிப்போகிறது என்று என் மனைவி உள்ளேயிருந்து திட்டிக்கொண்டிருக்கிறாள். ஐம்பது வருஷமாக அந்த வாய் ஓயவில்லை. நன்றி, நண்பரே.